ஏழையின் உடல்நலத்துக்கும் கணக்கு எழுதியவர்: ஜே. சி. குமரப்பா

கணக்கு என்றதும் நம்மில் பலருக்கு அச்சம் வந்துவிடுகிறது. கூட்டலும் பெருக்கலும் தேர்வோடு முடிந்துவிடும் சங்கதி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கணக்குப் பேனாவைக் கையில் எடுத்து, ஏழையின் வயிற்றையும் உடம்பையும் அந்த ஏட்டிலே எழுதிக் காட்டிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தார். நம் விருதுநகருக்கு வடமேற்கே, சிறிது தூரத்தில் இருக்கும் தே. கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவர்தான் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. இராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் பேருந்தில் போகும்போது கல்லுப்பட்டியைக் கடக்கும் நாம், அங்கே வாழ்ந்த இந்தப் பெரியவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டாமா?

பிறப்பும் கல்வியும்

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாய் எஸ்தர் இராஜநாயகம் இறைப்பற்றும் கண்டிப்பும் உடையவர். பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்த வசதியான குடும்பம் அது.

இளைஞர் செல்லதுரை இங்கிலாந்து சென்று தணிக்கைக் கணக்கியல் பயின்றார். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் இலண்டனிலேயே தணிக்கையாளராகப் பணிபுரிந்தார். தாயார் வற்புறுத்தி அழைத்ததால் 1919-இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டு உணவு, கை நிறைய வருமானம் என்று வாழ்க்கை ஓடிற்று. நாட்டின் வறுமையைப் பற்றி அவர் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் முரட்டுக் கதர் உடுத்திக் குடிசையில் வாழ்ந்தவர் இவர்தானா என்று நமக்கே வியப்பாக இருக்கிறது.

ஒரு கேள்வி வாழ்க்கையை மாற்றியது

1927-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிப் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் செலிக்மன்.

அந்நாளில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது பற்றி இவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். செய்தித்தாளில் வந்த அச்செய்தி பேராசிரியரின் கண்ணில் பட்டது. ஆராய்ச்சிக்கு வேறு பொருள் தேட வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் மாணவரைத் தூண்டினார்.

ஆராய ஆராய மாணவரின் கண் திறந்தது. இந்திய மக்கள் செலுத்தும் வரிப்பணம் எங்கே போகிறது என்று வரவு செலவு ஏடுகளைப் புரட்டினார். படைச் செலவுக்கும் கடன் வட்டிக்கும் பெரும் பகுதி போயிற்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மிஞ்சியது மிகச் சொற்பம். ஏழை கொடுத்த காசு ஏழையின் நலத்துக்குத் திரும்பி வரவில்லை. கணக்குப் படித்தவருக்கு இந்தக் கணக்குப் பொறுக்கவில்லை.

1929-இல் தாயகம் திரும்பியதும் தம் ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார். மே 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டவர், மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கண்டு, நேரம் ஆகட்டும் என்று தடியை ஊன்றியபடி பார்த்துக்கொண்டு நின்றார். முதியவர் இவர் பெயரைச் சொல்லி விசாரித்த பிறகே, அவர்தான் காந்தியடிகள் என்பது விளங்கிற்று. பட்டு உடை அணிந்திருந்தவர் அதைப் பொருட்படுத்தாமல் அந்தத் தரையிலேயே அமர்ந்துவிட்டார். அன்று தொடங்கிய உறவு இறுதிவரை நீடித்தது. அவருடைய ஆராய்ச்சியை அடிகள் தம் ‘யங் இந்தியா’ இதழில் வெளியிட்டார். கொர்னேலியஸ் என்ற குடும்பப் பெயரை விடுத்து, முன்னோரின் தமிழ்ப் பெயராகிய குமரப்பா என்பதை அவர் ஏற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

வீடு வீடாகச் சென்ற ஆராய்ச்சி

காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்த முதல் வேலை, குஜராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் பொருளாதார நிலையை ஆராய்வது. குமரப்பாவுக்கோ குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். குடும்பத்துக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், எவ்வளவு கடன், மாடு உண்டா, கிணறு உண்டா, என்ன உண்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். 1931-இல் வெளிவந்த அந்த அறிக்கை, உழவன் பாடுபட்டும் கையில் மிச்சம் காணாத நிலையைப் புள்ளிவிவரத்தோடு காட்டியது. கிராமத்தை நேரில் சென்று அளந்து எழுதும் இந்த முறைக்கு அது ஒரு வழிகாட்டியாக அமைந்தது. 1939-இல் மத்திய மாகாணத்தின் தொழில்களை ஆராயும் குழுவுக்கு அவரே தலைமை வகித்து, நூற்றுக்கணக்கான கிராமங்களின் நிலையைத் தொகுத்தார்.

மாணவியராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆராய்ச்சி என்றால் நூலகத்தில் அமர்ந்து பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவது மட்டுமன்று. வாசற்படி ஏறிச் சென்று, அடுப்படியில் என்ன வேகிறது என்று கேட்டறிவதும் ஆராய்ச்சியே.

அவருடைய நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். 1934-இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. நிவாரண நிதியின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை அணா என்று அளந்து வைத்திருந்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தவர்களும் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய பாலுக்கும் பழத்துக்கும் உரிய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். துயருற்றோருக்கென்று வந்த பணத்தில் ஓர் அணாவையும் வேறு வழியில் செலவிட அவர் மனம் இடம் தரவில்லை. அடிகளும் அதனால் அவர்மேல் அன்பு கூடினாரேயன்றிச் சினங்கொள்ளவில்லை.

அரிசியும் தவிடும்

1934-ஆம் ஆண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகி, வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் குமரப்பா பணியைத் தொடங்கினார். கைக்குத்தல் அரிசி, திரிகை மாவு, மரச்செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சோப்பு, தாவர எண்ணெயால் எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றையும் அங்கே செய்து பார்த்தார்கள், பயிற்சி தந்தார்கள். ‘கிராம உத்யோக் பத்திரிகா’ என்ற இதழையும் அவர் நடத்தினார்.

இந்தப் பணியில்தான் அவருடைய பொருளியல் உடல்நலத்தோடு கைகோத்தது. அரிசியை எடுத்துக்கொள்வோம். இயந்திர ஆலையில் தீட்டினால் அரிசி பளபளவென்று வெண்மையாக வரும். நெடுநாள் கெடாமலும் இருக்கும். ஆனால் தீட்டும்போது மேல்தோலாகிய தவிடும் முளையும் போய்விடுகின்றன. அவற்றில்தான் பி வைட்டமின் நிறைந்திருக்கிறது. ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயின் இரகசியம் அதிலிருந்து விளங்கத் தொடங்கியது. அதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரில் மக்காரிசன் என்ற மருத்துவரும் உணவைப் பற்றி அரிய ஆராய்ச்சிகளைச் செய்துவந்தார்.

மருத்துவர்கள் கண்ட உண்மையைக் குமரப்பா பொருளியல் ஏட்டில் பதிந்தார். ஆலை அரிசி மலிவு என்கிறோம். நெல் குத்திப் பிழைத்த கைம்பெண்ணின் கூலி போயிற்றே, அதை யார் கணக்கில் எழுதுவது? உண்பவனின் உடம்பு இழந்த சத்தை யார் கணக்கில் எழுதுவது? நோய் வந்தபின் வைத்தியருக்குக் கொடுக்கும் பணத்தையும், வேலைக்குப் போக முடியாத நாள்களின் கூலி இழப்பையும் சேர்த்தால் அந்த அரிசி உண்மையில் மலிவுதானா? இதுவே அவர் கேட்ட கேள்வி. நம் வீடுகளில் புழுங்கல் அரிசி உண்ணும் வழக்கத்தின் நன்மையும் இங்கே நினைக்கத்தக்கது. நெல்லை அவிக்கும்போது சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் அது முழுவதும் போவதில்லை.

வெல்லத்திலும் அவர் பார்வை இப்படித்தான் சென்றது. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும். அந்த நிலத்தில் உணவுப் பயிர் விளைந்திருக்கும். பனையோ தரிசிலும் தேரியிலும் தானே வளர்ந்து நிற்கிறது. ஆகையால் வெல்லத்துக்குப் பனையை நாடுவதே அறிவு என்றார். கருப்பட்டிக் காப்பியின் சுவை அறிந்த நம் வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு இலட்சம் மக்கள் வாழும் பகுதியில் யாரும் பட்டினி கிடவாமல் சத்துணவு பெற, எந்தப் பயிரை எவ்வளவு நிலத்தில் இட வேண்டும் என்று ஓர் அட்டவணையே வகுத்தார். தானியம், பருப்பு, எண்ணெய், பால், கீரை காய்கறி, பழம் என்று ஒவ்வொன்றையும் அளந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,860 கலோரி கிடைக்கும்படி அமைத்தார். உடுத்தும் துணிக்கு வேண்டிய பருத்தியையும் அதில் சேர்க்க மறக்கவில்லை. சந்தையில் எது விலை போகும் என்பதை முதலில் பாராமல், மனித உடலுக்கு எது தேவை என்பதிலிருந்து வேளாண்மையைத் தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

மலிவு விலையின் மறுபக்கம்

பொருளை வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு என்று குமரப்பா அழுத்தமாகக் கூறினார். ஒரு கோப்பைக் கோக்கோ அருந்துகிறோம். அந்தக் கோக்கோவை விளைவித்தவர்கள் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டவர்களாக இருந்தால், அந்தக் கொடுமையில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. பொருள் பிறந்த கதையைக் கேளாமல் வாங்குகிறவர், திருட்டுப் பொருள் என்று விசாரியாமல் வாங்குகிறவருக்கு ஒப்பாவார். பொருளுக்குப் பண மதிப்பு இருப்பதுபோல அற மதிப்பும் உண்டு என்பது அவருடைய போதனை.

தீப்பெட்டியின் வரலாறே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்தார்கள். அந்த நஞ்சின் புகையால் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதில் இளம் சிறுமியரும் இருந்தனர். தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரஸ் அப்போதே இருந்தது. ஆனால் விலை சற்று அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டுக்காக எத்தனையோ பெண்கள் முகம் சிதைந்தனர். பின்னர் பல நாடுகள் கூடி 1906-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்ய உடன்பட்டன. இது குமரப்பா எழுதியது அன்று; ஆனால் அவர் சொன்னதன் பொருளை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

சிறையில் மலர்ந்த நூல்கள்

நாட்டு விடுதலைப் போரில் அவர் பலமுறை சிறை சென்றார். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை ஒட்டிச் சிறைப்பட்டிருந்தபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசு பெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன. ஆங்கிலிக்கன் திருச்சபையில் வளர்ந்த அவர், பசித்தவனுக்கு உணவிடாத வழிபாடு முழுமை பெறாது என்று நம்பினார். அடிமைத்தனத்துக்குத் துணைபோகும் சமயத் தலைவர்களைக் கடிந்துகொள்ளவும் தயங்கவில்லை. காந்தியடிகள் இவ்விரு நூல்களையும் படித்துப் பாராட்டி முன்னுரை வழங்கினார். கிராமத் தொழில்களுக்கே டாக்டர் என்று அன்போடு அவரைச் சிறப்பித்தார்.

நிலைத்த பொருளாதாரம் என்றால் என்ன? இயற்கையிலிருந்தே எளிய உவமைகளைக் காட்டினார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. இது அழித்து வாழ்வது. குரங்கு தான் நடாத மரத்தின் பழத்தைப் பறித்துத் தின்கிறது. இது கொள்ளையிட்டு வாழ்வது. தேனீ பூவில் தேன் எடுக்கிறது, ஆனால் மகரந்தம் சேர்த்து மரத்துக்கு நன்மையும் செய்கிறது. இது உழைத்து வாழ்வது. அதே தேனீ தனக்கென்று சேர்க்காமல் கூட்டம் முழுவதற்கும் சேர்க்கிறது. இது கூடி வாழ்வது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. இது தொண்டாக வாழ்வது. மனிதகுலம் முதற்படியிலிருந்து ஐந்தாம் படிக்கு ஏற வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. நிலக்கரி, எண்ணெய் போன்ற எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தை நம்பி வாழும் வாழ்வு நிலைக்காது என்றும், அவற்றுக்காக நாடுகள் போரிடும் என்றும் எச்சரித்தார்.

கல்லுப்பட்டிக் குடிசை

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்து, உழுபவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும் என்று 1949-இல் அறிக்கை தந்தார். ஆனால் நாடு பெரிய ஆலைகளையும் பெரிய திட்டங்களையும் நாடிச் சென்றது. முன்னரே 1938-இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்து கருத்து வேற்றுமையால் அவர் விலகியிருந்தார். பதவியை நாடாத அவர், இரத்த அழுத்த நோயால் உடல் தளர்ந்த நிலையில், 1950-களில் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து எளிய குடிலில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்குக் கிராம மக்களே உறவு. அந்தக் குடிலில் ஓர் ஏழை உழவனின் படம் தொங்கியதாம். காந்தியடிகள் தமக்குத் தலைவர் என்றால், இந்த உழவனே தம் தலைவருக்கும் தலைவன் என்று வருவோரிடம் சொல்வாராம்.

அதே ஆண்டுகளில் நம் விருதுநகர் தந்த காமராசர் முதலமைச்சராக இருந்து, 1956-இல் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பினார் என்பதையும் இங்கே நினைக்கிறோம். பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை ஏட்டிலே எழுதியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். சோற்றிலே எழுதியவர் ஒருவர் நம் ஊரில் பிறந்தார்.

1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

மறைந்தபின் வளர்ந்த புகழ்

வாழ்ந்தபோது அவரைப் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கியவர்கள் பலர். இயந்திரத்தைக் குறை கூறுகிறவர் முன்னேற்றத்துக்கு எதிரி என்றார்கள். ஆலை இல்லாமல் பெருகும் மக்களுக்கு எப்படி உணவும் உடையும் தருவது என்ற அவர்கள் கேள்வியும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அவர் மறைந்தபின் அறிஞர் உலகம் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. 1963-இல் அமெரிக்க அறிஞர் கென்னத் ஆரோ மருத்துவத்தின் பொருளாதாரம் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, நலவாழ்வுப் பொருளியல் என்பது பல்கலைக்கழகங்களில் தனித் துறையாக வளர்ந்தது. 1973-இல் சூமாக்கர் எழுதிய ‘சிறியதே அழகு’ என்னும் புகழ்பெற்ற நூல் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டது. இந்நாளில் சுற்றுச்சூழல் பொருளியலை ஆராய்வோர் அவரை முன்னோடி என்று போற்றுகின்றனர். 2016-இல் வேணு மாதவ் கோவிந்து, தீபக் மால்கன் என்னும் இரு ஆய்வாளர்கள் அவருடைய வாழ்வையும் கருத்தையும் விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்டனர்.

நம் வட்டாரமும் குமரப்பாவின் கணக்கும்

குமரப்பாவின் ஏட்டை நம் வட்டாரத்துக்கும் விரித்துப் பார்ப்போம். மழை குறைந்த கரிசல் பூமி நம்முடையது. 1920-களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிய வழிசெய்தது. பட்டாசும் அச்சுத் தொழிலும் அதைத் தொடர்ந்தன. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். நம்மில் பலருடைய பள்ளிக் கட்டணமும் புத்தகமும் அந்த உழைப்பிலிருந்தே வந்தன.

ஆனால் அதே தொழிலில் சின்னஞ்சிறு பிள்ளைகள் விடியற்காலையில் எழுப்பப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டு, தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய காலமும் இருந்தது. 1986-இல் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில், ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு அமர்த்துபவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பணம் குழந்தையின் நலனுக்கே சேர வேண்டும் என்றும் கூறியது. இழந்த பிள்ளைப்பருவமும் ஒரு செலவே என்று நாடே ஒப்புக்கொண்ட நாள் அது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகும் விபத்துகள் ஓயவில்லை.

தீபாவளிக் கடையில் ஒரு பட்டாசுப் பெட்டிக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. மருந்து, காகிதம், கூலி, வண்டி வாடகை, வரி ஆகிய எல்லாம் அந்த விலையில் அடங்கியிருக்கின்றன. மருந்துத் தூளைச் சுவாசித்த நெஞ்சின் இருமல் அடங்கியிருக்கிறதா? தீக்காயத்தோடு வீடு திரும்பிய தாயின் கைகள் அடங்கியிருக்கின்றனவா? கதவுகள் போதிய அளவில் வைத்த அறையும், வெயில் நேரத்தில் நிறுத்தப்பட்ட வேலையும், முறையான பயிற்சியும் விலையைச் சிறிது கூட்டுமானால், அந்தக் கூடுதல் காசைத் தர நாம் ஆயத்தமா? குமரப்பா இன்று கல்லுப்பட்டியிலிருந்து இறங்கி வந்தால், தொழிலை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். வீடு வீடாக ஏறி, வரவையும் செலவையும் எழுதி, உடம்பின் பத்தியை நிரப்பாமல் விட்டது யார் என்று கேட்பார்.

அன்பு மாணவியரே! நாளை நம்மில் சிலர் மருத்துவராவோம், சிலர் தணிக்கையாளராவோம், சிலர் தொழில் நடத்துவோம், சிலர் இல்லறம் நடத்துவோம். எல்லாரும் பொருள் வாங்குவோம். கணக்குப் பாடத்தை வெறுக்காமல் கற்போம். கூட்டும்போது எந்த எண் விடுபட்டது என்று பார்க்கும் பழக்கத்தையும் கற்போம். விடுபட்ட அந்த எண் பெரும்பாலும் ஓர் ஏழையின் உடல்நலமாகவே இருக்கும். அதை ஏட்டில் எழுதும் துணிவு நமக்கு வருமானால், நம் அண்டை ஊரில் வாழ்ந்து மறைந்த அந்தப் பெரியவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.